கெல்டிக் பின்னல் தோல் உறை

நாட்குறிப்பு, கைக்குறிப்பேடு போன்றவற்றின் மேல் மாட்டிக்கொள்ளும் தோல் உறைகளில், தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடும் இழைப்பின்னலைக் கையால் செதுக்கி அழகூட்டும் கைவினை இது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு இங்கிலாந்து ஆகிய இடங்களின் பழைய சமயச் சுவடிகளில் காணப்படும் பின்னல் வடிவங்களே இதற்கு மூலம். இன்று உலகச் சந்தையில் விற்கும் இவ்வகை உறைகளில் கணிசமானவை இந்தியாவில் செய்யப்படுபவை. உதய்ப்பூர், புஷ்கர் போன்ற ராஜஸ்தான் நகரங்களும் கொல்கத்தாவும் இதில் குறிப்பிடத்தக்கவை. கொல்கத்தாவில் உருவாகும் தோல் பொருள்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள கார்டன் ரீச் துறை வழியாகக் கப்பலேறுகின்றன. வடிவத்துக்குத்தான் பெயரும் புகழும் கிடைக்கின்றன என்றாலும், இந்த வேலை தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதே. அந்தப் பதனீட்டின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பங்கு முழுவதும் பெருமைக்குரியது என்று சொல்லிவிட முடியாது.

பின்னலின் வரலாறு

'கெல்டிக்' என்ற அடைமொழி இருப்பதால் பண்டைய கெல்டிக் இனக்குழுக்களே இந்தப் பின்னலைக் கண்டுபிடித்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். கிறித்துவுக்கு முந்தைய கெல்டிக் கலையில் ஓங்கி நிற்பவை சுருள்களும் வளைவுகளும்தான். இழைப்பின்னல் பிரிட்டிஷ் தீவுகளின் சுவடிகளில் கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் மலர்கிறது. ரோமானியத் தரைச் சித்திரங்கள், எகிப்தியக் காப்டிக் கிறித்தவர்களின் புத்தகக் கட்டு, ஜெர்மானிய உலோக வேலை என்று பல ஊற்றுகள் அதில் கலந்திருக்கின்றன. 700ஐ ஒட்டிய டரோ நூல், அதற்குச் சற்றுப் பின் வந்த லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூல், 800ஐ ஒட்டிய கெல்ஸ் நூல் ஆகியவற்றில் இக்கலை உச்சம் தொட்டது.

இவையெல்லாம் கன்றுத்தோல் தாளில் மையால் எழுதப்பட்டவை. பதனிட்ட தோலில் பின்னல் செதுக்கிய புத்தக உறைக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று புனித கத்பர்ட் நற்செய்தி நூல். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு இங்கிலாந்தின் மங்க்வேர்மத்–ஜாரோ மடத்தில் உருவான இச்சிறு நூல், 687இல் இறந்த கத்பர்ட்டின் சவப்பெட்டிக்குள் பின்னர் வைக்கப்பட்டது. 1104இல் டர்ஹாம் நகரில் பெட்டியைத் திறந்தபோது வெளியே வந்தது. ஏறத்தாழ 14 செ.மீ. உயரமும் 9 செ.மீ. அகலமும்தான்; சட்டைப்பை டைரியைவிடச் சற்றே பெரிது. மரப்பலகையின் மேல் செந்நிறச் சாயமேற்றிய ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கிறது. முன்னட்டையின் நடுவில் ஒரு கொடி புடைத்து நிற்க, அதற்கு மேலும் கீழும் கூரிய கருவியால் கீறி வண்ணம் நிரப்பிய பின்னல் பட்டைகள் உள்ளன. ஐரோப்பாவில் மூலக் கட்டோடு சிதையாமல் எஞ்சியுள்ள மிகப் பழைய புத்தகம் இதுவே. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் இதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

அயர்லாந்தில் வேறொரு மரபும் இருந்தது. புத்தகத்தைத் தோள்பையில் இட்டுச் சுவரில் மாட்டி வைப்பார்கள். அர்மா நூலுக்குரியதாகச் சொல்லப்படும் தோல் பை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதன் முகமெங்கும் பின்னல் புடைப்பு. 2006இல் டிப்பரரி மாவட்டத்துச் சதுப்பில் மண்வெட்டும் இயந்திரத்தில் சிக்கி வெளிவந்த ஃபாடன் மோர் சங்கீத நூலின் உறையும் பதனிட்ட தோல்தான். உள்ளே எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் ஒட்டியிருந்தது. இன்றைய கைக்குறிப்பேட்டு உறையைப் போலவே அது ஏட்டைச் சுற்றி மடியும் அமைப்புடையது. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமையான அந்த உறையைப் பார்த்தபின், இன்று கடைகளில் 'மத்தியகாலப் பாணி' என்று விற்கும் உறைகளின் உரிமைகோரல் அவ்வளவு பொய்யில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பின்னலை யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய முறையாக வகுத்துத் தந்தவர் ஸ்காட்லாந்து ஓவிய ஆசிரியர் ஜார்ஜ் பெயின் (1881–1968). அவருக்கு முன் ரொமில்லி ஆலன் என்ற தொல்லியலாளர் கற்சிலுவைகளின் பின்னல்களைத் தொகுத்து வகைப்படுத்தியிருந்தார். பெயின் அதிலிருந்து மேலே போய், புள்ளிகளிட்டு இழையை எப்படி ஓட்டுவது என்று படிப்படியாகக் காட்டினார். கெல்டிக் கலையின் வரைமுறைகள் பற்றிய அவருடைய நூல் 1951இல் வெளிவந்தது. 1970களில் மறுபதிப்புகள் வந்தபின்னரே உலகெங்கும் பரவியது. இன்று தோல் கைவினைஞர்கள் கைக்கொள்ளும் வடிவங்களில் பெரும்பகுதி அந்நூலின் வழி வந்தவை.

புள்ளியும் இழையும்

பெயின் சொன்ன முறையைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது. சிக்குக் கோலம் போடுபவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கிடையே 45 பாகைச் சாய்வில் இழையை ஓட்டி, ஓரத்தில் பட்டதும் திருப்பிவிட்டால் ஒரு செவ்வகப் பின்னல் கிடைக்கும். எத்தனை தனி இழைகள் வரும் என்பதற்குக் கணக்கு உண்டு: நீளத்திலும் அகலத்திலும் உள்ள புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தி. 3-க்கு 5 கட்டத்தில் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றி வரும். 4-க்கு 6 கட்டத்தில் இரண்டு இழைகள். 3-க்கு 3 கட்டத்தில் மூன்று. நடுவில் சில இடங்களில் 'சுவர்' வைத்து இழையைத் திருப்பினால் எண்ணிக்கையும் உருவமும் மாறும். கெல்டிக் வடிவங்களின் கண்கவர் தன்மையெல்லாம் இந்தச் சுவர்களை எங்கே வைப்பது என்பதில்தான் இருக்கிறது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிப் பார்த்தார்கள். பின்னாளில் மொசாம்பிக்கின் கணிதவியலாளர் பவுலஸ் கெர்டெஸ், தமிழ்க் கோலத்தையும் ஆப்பிரிக்க மணல் ஓவியத்தையும் கெல்டிக் பின்னலையும் ஒரே கணித வகைக்குள் வைத்தார். எந்தப் பண்பாடும் மற்றொன்றிடமிருந்து கடன் வாங்கியதாகக் கொள்ள இதில் சான்றில்லை. புள்ளியைச் சுற்றிக் கோடு போட விரும்பும் எவரும் போய்ச் சேரும் இடம் இது.

கோலத்துக்கும் கெல்டிக் பின்னலுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கோலத்தில் கோடு கோட்டை வெட்டிக்கொண்டு போகும், அவ்வளவே. கெல்டிக் பின்னலிலோ ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் இழை மேலேயும் மற்றது கீழேயும் போக வேண்டும், அதுவும் மாறி மாறி. ஓரிடத்தில் தவறினாலும் கண் உடனே பிடித்துவிடும். தாளில் இதைக் காட்ட ஒரு கோட்டை நிறுத்தி மறு கோட்டைத் தொடர்ந்தால் போதும். தோலில் உண்மையிலேயே ஓர் இழையைத் தாழ்த்தி மற்றதை உயர்த்த வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இந்த ஏமாற்றைச் செய்துகாட்டுவதுதான் கைவினைஞரின் திறமை.

தோலும் பட்டையும்

எல்லாத் தோலிலும் இது நடக்காது. பதனீட்டில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நீருக்கும் சூட்டுக்கும் தாங்கும், ஒரு நாளில் தயாராகிவிடும். ஆனால் அதில் அழுத்திய அச்சு நிற்காது, பழைய நிலைக்கே எழும்பிவிடும். மரப்பட்டைத் துவர்ப்பில் வாரக்கணக்கில் ஊறிய தோல் ஈரத்தில் களிமண்போல் இளகும். அழுத்தினால் அழுந்தும், காய்ந்தபின் அப்படியே உறையும். செதுக்குவோர் தேடுவது இந்த இரண்டாம் வகையை மட்டுமே.

இந்தியாவில் இந்த வகைக்குத் தாய்வீடு தமிழ்நாடு. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் நிறம் தெளியச் செய்து எடுக்கும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் ஏலங்களுக்குப் போயின. 'ஈஸ்ட் இந்தியா' என்பதன் சுருக்கமாக 'ஈ.ஐ. தோல்' என்ற பெயர் வியாபாரத்தில் நிலைத்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல் ஆகியவை இத்தொழிலின் ஊர்கள். ஆவாரம்பட்டைக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்க வாட்டில் மரப்பட்டைச் சாறு வந்ததும், பிறகு குரோம் முறை பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டதும் 20ஆம் நூற்றாண்டுக் கதை. சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி வேலை செய்தவர்களின் வாழ்வைத் தமிழ் வாசகர்கள் டி. செல்வராஜின் 'தோல்' நாவலில் படித்திருப்பார்கள். திண்டுக்கல்லைக் களமாகக் கொண்ட அந்நூல் 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. நேர்த்தியான உறையைக் கையில் வைத்துக்கொண்டு தோலின் 'இயற்கை மணம்' பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

ஈ.ஐ. தோலுக்குப் புத்தகக் கட்டில் கிடைத்த பெயர் நல்லதன்று. லண்டன் நூலகங்களில் அண்மையில் கட்டிய புத்தகங்களின் தோல், பழையவற்றைவிட விரைவாகப் பொடிந்து போவதைக் கண்டு, கலைகள் சங்கம் என்ற அமைப்பு 1900இல் ஒரு குழுவை அமர்த்தியது. நூற்கட்டுக் கலைஞர் டக்ளஸ் காக்கரெல் அதில் இருந்தார். குழுவின் தீர்ப்பு கடுமையானது. கிழக்கிந்தியப் பதனீட்டில் வந்த, 'பெர்ஷியன்' என்று சந்தையில் விற்ற ஆட்டுத்தோல்கள் நூற்கட்டுக்கு மிக மோசம். ஓராண்டுக்குள்ளேயே சிதைவு தொடங்குகிறது என்றது. காரணம் பட்டையின் வேதியியலில் இருந்தது. ஆவாரை போன்றவற்றின் துவர்ப்பு, நிலக்கரிப் புகையிலும் எரிவாயு விளக்குப் புகையிலும் உள்ள கந்தக வாயுவை உறிஞ்சி அமிலமாக்கிக்கொள்ளும். பிறகு தோல் செந்தூளாக உதிரும். சுமாக் இலையில் பதனிட்ட தோல் அவ்வளவு சீக்கிரம் கெடவில்லை. ஆவாரம்பட்டைக்குப் பின் கடுக்காய்ச் சாற்றில் போடும் வழக்கம் நம் ஊரில் நிறத்துக்காகவே வந்தது; கடுக்காயின் துவர்ப்பு சுமாக்கின் வகையைச் சேர்ந்தது என்பதும் உண்மை. ஆனால் அடிப்படையாக ஏறிய ஆவாரையின் குணத்தை அது மாற்றிவிடவில்லை. பழைய வழக்கறிஞர் அலுவலகங்களில் சட்டத் தொகுதியை எடுத்தால் கையில் ஒட்டும் செம்பொடி இந்த நோய்தான்.

இதனால் ஈ.ஐ. தோலை ஒதுக்கிவிட வேண்டும் என்று கொள்வது மிகை. நிரந்தரமாக ஒட்டிய நூற்கட்டுக்கும், ஏடு தீர்ந்ததும் கழற்றி வேறு ஏடு மாட்டும் உறைக்கும் வேறுபாடு உண்டு. பின்னதைக் கைகள் தினமும் தொடும். அவ்வப்போது மெழுகு பூசலாம். நூறாண்டு நிலைக்க வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. ஆட்டுத்தோலின் நுண்ணிய முகப்பும் எளிதில் சாயம் ஏற்கும் குணமும் அங்கே அனுகூலமாகின்றன.

கார்டன் ரீச்சும் கொல்கத்தாவும்

ஹூக்ளி வளைந்து திரும்பும் இடத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் தோட்ட வீடுகள் கட்டியதால் கார்டன் ரீச் என்று பெயர் வந்தது. அந்நாள் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆசியவியல் கழகத்தை நிறுவியவருமான வில்லியம் ஜோன்ஸ் அங்கேதான் குடியிருந்தார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றோடு கெல்டிக் மொழியும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று 1786இல் கழகத்தில் பேசியவர் அவர். கெல்டிக் என்ற சொல் கார்டன் ரீச்சோடு சேர்வதற்கு இப்படி ஒரு விநோதமான முன்னுரை இருக்கிறது. 1856இல் அரசிழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா பக்கத்து மெட்டியாபுருஸில் குடியேறி 1887இல் இறக்கும்வரை அங்கே சிறு லக்னோ ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அப்பகுதி இன்று ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர்போனது. 1884இல் தொடங்கிய கப்பல் கட்டும் தளமும், 1929இல் திறந்து இன்று நேதாஜி சுபாஷ் பெயரைத் தாங்கி நிற்கும் கப்பல் துறையும் கார்டன் ரீச்சின் அடையாளங்கள்.

தோல் தொழில் நகரின் மறுமுனையில், கிழக்கே வளர்ந்தது. டாங்ராவில் ஹக்கா சீனர்கள் முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ஆலைகள் அமைத்தார்கள். 1919இல் கல்கத்தா ஆராய்ச்சித் தோல் ஆலை என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பின்னர் தோல் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. டாங்ரா, தில்ஜலா, டோப்சியா, பாக்லாடாங்கா ஆகிய இடங்களிலிருந்த சுமார் 550 ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் பாலாற்றைக் கெடுத்த வேலூர்ப் பகுதி ஆலைகள் பற்றிய தீர்ப்பும் வந்தது. கொல்கத்தா ஆலைகளுக்காக உருவான பான்தலா தோல் வளாகம் 2005இல் முறைப்படி திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் பைகளும் பணப்பைகளும் தொழிற்சாலைக் கையுறைகளும் பெரும்பாலும் குரோம் தோலில் ஆனவை. செதுக்கு வேலைக்கான பட்டைப் பதன் தோலுக்குத் தெற்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வங்கத்தில் தோலில் சித்திர வேலை செய்வதற்கு வேறு வேர் உண்டு. ரவீந்திரநாத் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் 1920களில் ஐரோப்பாவில் தோல் கைவினையைக் கற்று வந்து, 1922இல் நிறுவப்பட்ட ஸ்ரீநிகேதனில் அதை நுழைத்தார்கள். ஈ.ஐ. வகை ஆட்டுத்தோலை நனைத்து உருவத்தைப் புடைப்பாக எழுப்பி, பாட்டிக் முறையில் சாயத்தைத் தடுத்து நிறமேற்றி, ஓரத்தைத் தோல் வாரால் பின்னி முடிப்பார்கள். 'சாந்திநிகேதன் தோல் பொருள்கள்' புவிசார் குறியீடு பெற்றுள்ளன. கைப்பை, பணப்பை, நாட்குறிப்பு உறை எல்லாம் இதில் அடங்கும். அல்பனா என்ற வங்கத் தரைக்கோலத்தின் கொடிகளும் பூக்களும் அவற்றில் ஓடும். வங்கத்தின் மரபான கணக்குப் புத்தகமோ சிவப்புத் துணி போர்த்திய கேரோ காத்தா. அதற்குத் தோல் உறை வழக்கமில்லை. நம் ஓலைச்சுவடிக்கும் இருபுறமும் மரச்சட்டமே காவல். தோல் உறை இரு மண்ணுக்கும் வந்தேறிதான். கெல்டிக் பின்னல் அதன் மேல் ஏறிய இரண்டாம் வந்தேறி.

செய்முறை

செதுக்கு உறைக்கு மாட்டுத்தோலானால் 2 முதல் 3 மி.மீ. தடிமன் போதும். புடைப்பு வேலைக்கு மெல்லிய ஆட்டுத்தோல் ஏற்றது. ஏ5 ஏட்டின் அளவு 148-க்கு 210 மி.மீ.; முதுகுக்கும் உள்மடிப்புக்கும் சேர்த்து விரித்த உறை அதன் இருமடங்கு அகலத்தைத் தாண்டும். தோலை நனைத்து, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பக்குவம் தப்பினால் மற்றவை அனைத்தும் தப்பும்: அதிக ஈரத்தில் வெட்டு மூடிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் கத்தி இழுக்கும். பிறகு வரைபடத்தைத் தோலின் மேல் வைத்து மழுங்கிய முனையால் ஒற்றியெடுப்பார்கள். விரல் நுனியில் சுழலும் கைப்பிடி கொண்ட கத்தியால், தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை ஆழமாகக் கோட்டை வெட்டுவார்கள். கீழே போகும் இழையின் கோடு மேலிழையின் விளிம்பில் சரியாக நின்றுவிட வேண்டும்; ஒரு மயிரிழை தாண்டினாலும் மேலிழை வெட்டுண்டதுபோல் தெரியும். அதன்பின் சரிந்த முகமுள்ள உலோக அச்சை வெட்டின் ஓரத்தில் வைத்துச் சுத்தியால் தட்டிக்கொண்டே நகர்த்தினால் ஒரு பக்கம் தாழும், மறுபக்கம் உயர்ந்து நிற்கும். இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகளைப் புள்ளி அச்சால் அமிழ்த்தி இருளாக்குவது கடைசி வேலை.

மூலைகளில்தான் பலரும் திணறுவார்கள். நீளவாக்கில் ஓடிவந்த பின்னல் 90 பாகை திரும்பும்போது மேல்-கீழ் வரிசை கலையாமலிருக்க, பக்கங்களின் கட்ட எண்ணிக்கையை முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். முதுகுப் பகுதியில் ஆழமாகச் செதுக்கக் கூடாது. மடிந்து மடிந்து வெட்டு வாய் பிளக்கும்.

ஈரமான பட்டைப் பதன் தோலில் இரும்புத் துகள் பட்டால் அழியாத கறுப்புக் கறை விழும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மை கிடைக்கும் அதே வேதிவினைதான். அதனால் கருவிகளைத் துடைத்து வைப்பதிலும் மேசையில் அரப்பொடி கிடக்காமல் பார்ப்பதிலும் கண்டிப்பு உண்டு. சாயத்துக்குப் பின் அடர்ந்த நிறப்பசையைப் பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் இருள் தங்கி இழைகள் எழுந்து தெரியும். தேன்மெழுகால் மெருகிட்டு, மெழுகேற்றிய லினன் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்தித் தைப்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. கொல்கத்தா போன்ற ஈரப்பதமுள்ள ஊரில் உறையை பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணியில் சுற்றி வைப்பதே மேல்.

கைவேலையும் அச்சும்

ஏற்றுமதிக் கடைகளில் கிடைக்கும் 'கையால் செய்த' கெல்டிக் உறைகளில் பலவற்றில், பின்னல் மட்டும் உலோகத் தகட்டை வைத்துப் பொறியால் அழுத்தியது. தையலும் கட்டும் கையால் நடந்திருக்கலாம். எனவே அந்த முத்திரை முழுப் பொய்யாகாது. விலையில் பல மடங்கு வேறுபாடு இருப்பதால் வாங்குபவர் பிரித்தறிவது நல்லது. அழுத்திய வடிவத்தில் விளிம்புகள் உருண்டிருக்கும், எல்லாச் சந்திப்பிலும் ஆழம் ஒன்றாகவே இருக்கும், பக்கத்து உறையும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். செதுக்கியதில் கத்தி இறங்கிய கோடு கூர்மையாகத் தெரியும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். இழையின் அகலம் எங்காவது சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும். குரோம் தோலில் ஆழ்ந்த பின்னல் தெரிந்தால் அது அனேகமாகச் சூட்டில் அழுத்தியது. ஓரத்தில் ஒரு நூலளவு சீவிப் பார்த்தால் குரோம் தோலின் நடுப்பகுதி நீலச் சாம்பலாக இருக்கும். பட்டைப் பதன் தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு.